திருவிருந்துக்கு எழாதவன்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் பெரியவனை மேனேஜர் அறை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வந்தோம். அவன் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டான். ஆனால் நாற்காலிதான் அவனை விடவில்லை.

புதிதாக வாசிக்க உட்கார்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதற்குள் ஒரு வாய் டீ குடித்துவிட்டு வரலாம்.

அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பெரியவன் சூப்பர்வைசர். ஊரெங்கும் ஆர்டர் வற்றிப்போன காலம். போன மழைக்கு முன்னால் மேனேஜர் அவனைக் கூப்பிட்டு, "உன் பிரிவுல ஒரு ஆளைக் குறைக்கணும். பேரை நீயே சொல்லிடு" என்றார். தன் கையில் கறை படாமல் காரியம் முடிக்கத் தெரிந்த மனிதர். பெரியவன் வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினான். அவள் துணி மடித்துக்கொண்டே, "உங்க தம்பிக்குப் பிள்ளையா குட்டியா?" என்று கேட்டாள். மறுநாள் அவன் கூடப்பிறந்த தம்பியின் பேரைச் சொன்னான்.

சின்னவன் அந்தப் பிரிவிலேயே கைதேர்ந்தவன். அவன் மெஷினில் அட்டையைச் செருகினால் மடிப்புக்கோடு மயிரிழை பிசகாது. வேலை போனதும் அவன் வாடகை வீட்டைக் காலி செய்தான். அவன் மனைவி வெளியூரில், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் ஒரு வசதியான அம்மாளைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டோடு தங்கும் வேலைக்குப் போனாள். "நீ நம்ம மாடி ரூம்ல வந்து இருடா" என்று அண்ணன் கூப்பிட்டான். கம்பெனியே கழித்துவிட்டது என்றுதான் தம்பிக்குச் சொல்லியிருந்தது.

வந்ததிலிருந்து சாயங்கால ஜெபத்தில் சின்னவன் முறை வரும்போதெல்லாம், "ஆண்டவரே, தெருவுல நிக்க வேண்டிய என்னைக் கூட்டிட்டு வந்து சோறு போடற என் அண்ணனுக்காக உமக்கு நன்றி" என்பான். எல்லோரும் ஆமென் சொல்வார்கள். பெரியவனும் சொல்லியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். "இன்னும் ஒரு பேர் வேணும். திங்கக்கிழமை காலையில சொல்லிடு."

பிரிவில் இப்போது மீதி இருப்பது மூன்று பேர். பெட்டியின் ஓரத்துக்குப் பசை தடவி ஒட்டுகிறவர் ஒருவர். அவர் பேரையே மறந்துவிட்டு எல்லோரும் பசைக்காரர் என்றே கூப்பிடுகிறார்கள். பெட்டி மூலைக்குக் கம்பிப் பின் அடிக்கும் பெண் ஒருத்தி, கைக்குழந்தைக்காரி. மூன்றாவது ஆள் பெரியவனேதான்.

கதை இங்கே நிற்கிறது. இனி ஞாயிற்றுக்கிழமை.

*

அன்று அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்து ஆராதனை. மனைவியையும் மகளையும் முன்னால் அனுப்பிவிட்டு, வண்டியை நிறுத்தும் சாக்கில் பெரியவன் வெளியே சுற்றிவிட்டுக் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். பக்கத்தில் பசைக்காரர். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத பசை அவர் நகக்கண்ணில் காய்ந்திருந்தது.

"வாங்க சார்" என்று நகர்ந்து இடம் விட்டார்.

போதகருக்கு வயது அதிகமில்லை. ஆனால் சொல்ல வேண்டியதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். பந்திக்கு எழுமுன் அவரவர் தன்னைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். சகோதரனுக்கு நம்மேல் குறை இருப்பது தெரிந்தால் முதலில் அவனிடம் போய்ச் சமாதானமாகிவிட்டு அப்புறம் வர வேண்டும் என்றார். "கஷ்டகாலத்துல நாம செஞ்சதைக் கஷ்டகாலத்து மேலேயே போட்டுடறோம். காலம் யாரையும் வேலையை விட்டு அனுப்பறதில்ல. ஆளுதான் அனுப்பறான்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவர் எல்லோருக்கும் பொதுவாகத்தான் சொன்னார். ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே. யாரோ தன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்குவதாகப் பெரியவனுக்கு இருந்தது.

ஆண்டவரிடம் சொல்லாமல் இல்லை. கட்டிலருகே முழங்காலிட்டுப் பலமுறை சொல்லியாயிற்று. கண்ணீரும் விட்டாயிற்று. ஆண்டவரிடம் சொல்வது சுலபம். அவர் மறுநாள் காலை எதிரே உட்கார்ந்து, "அண்ணா, டீயில சர்க்கரை போதுமா" என்று கேட்கமாட்டார்.

முதல் பேருக்கே இன்னும் மன்னிப்பு வாங்கவில்லை, அதற்குள் இரண்டாவது பேரை எப்படிச் சொல்வது என்பதுதான் இந்த இரண்டு நாளாக அவனை அரித்தது. முதலாவதற்கு வாங்கிவிட்டால் இரண்டாவதைச் சொல்லிவிடலாமா என்று நீங்கள் கேட்கலாம். அவன் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. மனிதன் தன்னைச் சோதித்துப் பார்க்கும்போது தனக்குத் தோதான கேள்விகளாகத்தான் பொறுக்கிக்கொள்கிறான்.

பெஞ்சு பெஞ்சாக எழுந்தார்கள். மனைவி எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மனதில் ஒரு சுமையும் இல்லாதவளாக நேரே போய் முழங்காலிட்டாள். சின்னவன் எழுந்தான். கடைசி பெஞ்சைக் கடக்கும்போது அண்ணனை ஒருமுறை பார்த்தான், அவ்வளவுதான்.

கடைசி பெஞ்சு முறை வந்தது. பெரியவன் எழவில்லை. காலை இறுக்கி மடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"வரலையா சார்?" என்றார் பசைக்காரர்.

"நீங்க போங்க."

பசைக்காரர் எழுந்தார். இரண்டடி வைத்தார். என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க ஏன் போகலை?"

"ஒத்தையா உட்கார்ந்திருந்தா எல்லாரும் உங்களையே பார்ப்பாங்க. ரெண்டு பேரா இருந்தா அவ்வளவாத் தெரியாது."

பெரியவனுக்கு அழுகை முட்டியது. அதே மூச்சில் இன்னொன்றும் தோன்றியது. இவர் இத்தனை நல்லவராக இல்லாமல் இருந்தால் நாளைக்குத் தன் வேலை சுலபமாயிருக்கும். இப்படித் தோன்றியதற்காக அவன் தன்னையே அருவருத்தான். ஆனாலும் தோன்றியது தோன்றியதுதான்.

*

"வயித்துவலின்னு சொல்லிட்டு வந்தேன்" என்றாள் மனைவி, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும்.

"யார்கிட்ட?"

"போதகர் சம்சாரம்தான். வாசல்லயே பிடிச்சுக்கிட்டாங்க. உங்க வீட்டுக்காரர் ஏன் எழுந்து வரலைன்னு. நான் என்னன்னு சொல்றது? காலையிலேர்ந்து வயித்துவலின்னு சொன்னேன்."

நாக்கில் திராட்சரசத்தின் ஈரம் காயுமுன்னே ஒரு பொய். பெரியவனுக்கு அதைச் சொல்லிக் காட்ட வேண்டும் போலிருந்தது. எந்த முகத்தோடு சொல்வது?

"கூட அந்தப் பசைக்காரர் வேற. ரெண்டு பேரும் எதையோ திருடிட்டு ஒளிஞ்சு உட்கார்ந்த மாதிரி. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாதுங்க. நாளைக்குப் பாருங்க, நீங்க என்னமோ குடிக்கிறீங்கன்னு கிளப்பிவிடுவாங்க."

மகள் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். சின்னவன் சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டான். அண்ணன் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"அவன்கிட்ட சொல்லிடப் போறேன்" என்றான்.

அவள் தடுப்பாள், அழுவாள், வீட்டை இரண்டாக்குவாள் என்று எதிர்பார்த்தான். உள்ளதைச் சொன்னால், தடுக்க வேண்டும் என்று கொஞ்சம் ஆசையும் பட்டான். யாராவது கையைப் பிடித்துக்கொண்டால் நல்லவன் என்ற பேரும் மிஞ்சும், சொல்ல வேண்டிய அவதியும் மிஞ்சாது.

அவளோ, "சொல்லுங்க" என்றாள்.

"என்ன, சொல்லுங்கன்னு சொல்றே?"

"வேற என்ன சொல்லணும்? உங்களுக்கு மனசு உறுத்துதுன்னா போய்ச் சொல்லுங்க. தட்டுல இருக்கறதை முதல்ல சாப்பிடுங்க. வீணாக்காதீங்க."

அவன் சாப்பிட்டான். போனைச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டு மாடிப்படி ஏறினான்.

*

அறைக்கதவு திறந்தே கிடந்தது. சின்னவன் ஜன்னலோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த அம்மாள் கண்ணயரும் நேரத்தில்தான் அவன் மனைவிக்குப் பேசக் கிடைக்கும். பெரியவன் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டான்.

"கை எப்படி இருக்கு? மருந்து போட்டியா? ... தூக்கும்போது தனியாத் தூக்காதேன்னு சொன்னேன்ல... அடுத்த மாசம் லீவு கேட்டியா? ... சரி, கேக்க வேணாம், கோவிச்சுக்குவாங்கன்னா கேக்க வேணாம்... என்ன சத்தம்? முழிச்சிட்டாங்களா? சரி சரி, போ. ஓடு."

போனைக் கட்டிலில் போட்டுவிட்டுத் திரும்பினான். படியில் அண்ணன்.

"என்ன அங்கேயே நின்னுட்டே? உள்ளே வா."

அறையில் நாற்காலி ஒன்றுதான். அதன்மேல் ஒரு மேஜை மின்விசிறி பிரித்துப் போட்டிருந்தது. சின்னவன் அக்கம்பக்கத்து வீட்டுச் சாமான்களைச் சரிசெய்து கொடுக்கிறான் இப்போது. பெரியவன் நின்றுகொண்டே சொன்னான். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று தெரியும்.

"உன் வேலை போனது கம்பெனி முடிவு இல்லடா. பேர் கேட்டாங்க. நான்தான் உன் பேரைச் சொன்னேன்."

சொல்லிவிட்டான். இத்தனை மாதமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது இரண்டு மூச்சில் முடிந்துவிட்டது. தம்பி கத்துவான், மின்விசிறி பக்கத்தில் கிடக்கும் திருப்புளியை எடுத்து வீசுவான் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

"தெரியும்" என்றான் சின்னவன்.

பெரியவன் கண்ணைத் திறந்தான்.

"இங்க வந்த புதுசுலயே தெரியும்."

"யாரு சொன்னா?"

"அண்ணி."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. பெரியவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். தம்பி மின்விசிறியைத் தரையில் இறக்கி வைத்து நாற்காலியை அவன் பக்கம் தள்ளினான். ஒரு பிரியமும் இல்லை அதில். நோயாளிக்கு நாற்காலி தள்ளுவார்களே, அது.

"மழைக்காலத்துல ஒருநாள் சாப்பாடு எடுத்துட்டு மேல வந்தாங்க. தட்டைக் கையில குடுத்துட்டு அழுதாங்க. 'தம்பி, உங்க பேரைச் சொல்லச் சொன்னதே நான்தான். எனக்குத் தூக்கமே வரலை. மன்னிச்சிடுங்க'ன்னாங்க. என் கையில அவங்க போட்ட சாப்பாடு. வெளியே மழை. மன்னிக்கலைன்னு சொல்லிட்டு நான் எங்க போறது? மன்னிச்சிட்டேன்னு சொன்னேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டு, 'இன்னும் கொஞ்சம் போடட்டுமா'ன்னு கேட்டாங்க. அன்னையிலேர்ந்து அவங்க நல்லாத் தூங்கறாங்க. உனக்குத் தெரிஞ்சிருக்குமே."

தெரியும். பக்கத்தில் அவள் விடும் குறட்டையைக் கேட்டுக்கொண்டு எத்தனை இரவு விழித்துக் கிடந்திருக்கிறான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அவ."

"நான்தான் சொல்ல வேணாம்னேன். நீயா வர்றியான்னு பார்க்கணும்னு இருந்தது."

"தெரிஞ்சுக்கிட்டேவாடா தினமும் ஜெபத்துல எனக்கு நன்றி சொன்னே?"

"ஆமா."

"எதுக்கு?"

"நீ ஆமென் சொல்றதைக் கேக்கறதுக்கு."

தெருவில் ஏதோ வண்டி போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

"முதல்லயெல்லாம் உனக்குக் குரலே வராது. தொண்டையைச் செருமுவே. எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருக்கும். இன்னும் ரெண்டு நாள்ல வந்து சொல்லிடுவான்னு நினைப்பேன். நீ வரலை. அப்புறம் உனக்குப் பழகிடுச்சு அண்ணா. போன மாசமெல்லாம் கணீர்னு சொன்னே. அதைக் கேட்டுட்டு மேல வந்து இந்தச் சுவத்துல தலையை முட்டிக்கிட்டேன். நீ என் பேரைச் சொன்னதைக்கூட நான் தாங்கிட்டேன். அந்த ஆமென் உனக்குப் பழகினதைத்தான் என்னால தாங்க முடியலை."

பெரியவன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான்.

"இன்னைக்கு நானும் போய்த் திருவிருந்து எடுத்துட்டுத்தான் வர்றேன்" என்றான் சின்னவன். குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. "இதையெல்லாம் மனசுல வச்சுக்கிட்டே போய் முழங்கால் போட்டேன். ஜெபத்தைக் கத்தியாத் தீட்டினவன் நான். எனக்கு மட்டும் என்ன யோக்கியதை? நீயாவது உட்கார்ந்திருந்தே."

"என்னை மன்னிச்சிடுடா."

"இன்னைக்கு ஏன் வந்தே?"

"என்ன?"

"இத்தனை நாள் வராதவன் இன்னைக்கு ஏன் வந்தே? மேனேஜர் இன்னொரு பேர் கேட்டிருக்காரு, அதானே?"

பெரியவன் நிமிர்ந்தான்.

"மேனேஜர் பேர் கேட்டது கம்பெனி பூராத் தெரிஞ்சுபோச்சு. பசைக்காரர் காலையில கோயில் வாசல்ல என்கிட்ட கேட்டார். 'உங்க அண்ணன் என் பேரைச் சொல்லிடுவாரா தம்பி? வீட்டுல அவ எழுந்திரிக்க முடியாமக் கிடக்கா'ன்னு. அப்படியெல்லாம் செய்யமாட்டார்னு சொன்னேன். நான் அதைச் சொல்றேன், பாரு."

அப்படியானால் அந்த மனிதர் தன்னோடு பெஞ்சில் உட்கார்ந்தது எதற்காக? இரக்கப்பட்டா, பயந்தா? இரண்டில் எதுவாக இருந்தாலும் பெரியவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

"ரெண்டாவது பேரைச் சொல்றதுக்கு முன்னாடி முதல் பேரைக் கழுவிக்கலாம்னு வந்திருக்கே" என்றான் சின்னவன். "நான் மன்னிச்சிட்டேன்னு சொன்னா நாளைக்குக் காலையில லேசாப் போவே. எனக்கு வழி விடுங்கன்னு கேக்கறியே தவிர, மன்னிப்பு எங்க கேக்கறே?"

"நான் என்னதான் செய்யணும்னு சொல்லு. உன் வேலையைத் திருப்பித் தரச் சொல்லி அவர் கால்ல வேணா விழறேன்."

"அந்த மெஷினையே வித்தாச்சு. உனக்குத் தெரியாதா?"

தெரியும். வண்டியில் ஏற்றும்போது கூட நின்று கயிறு கட்டச் சொன்னவனே அவன்தான்.

சின்னவன் கட்டிலில் கிடந்த போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"உன் பேரைச் சொல்லு" என்றான்.

"என்னது?"

"ஒரு பேர்தானே கேக்கறாங்க. உன் பேரைச் சொல்லு. நாளைக்கு வரைக்கும் போகாதே, காலையில உனக்கு மனசு மாறிடும். இப்பவே கீழ போய் மேனேஜருக்குப் போன் பண்ணு. அப்புறம் நாம மன்னிப்பைப் பத்திப் பேசலாம்."

மகளின் பள்ளிக்கூடம். வீட்டு வாடகை. எதிர்வீட்டுக்காரர் 'என்ன சார், லீவா' என்று கேட்கப்போகும் திங்கட்கிழமை. ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தது. கூடவே, எழுந்து இரண்டடி வைத்துத் திரும்பி வந்து உட்கார்ந்த பசைக்காரரும் வந்தார். போனில் தம்பி, கை எப்படி இருக்கு என்று கேட்டதும் வந்தது.

"சரி" என்றான் பெரியவன். "சொல்றேன்."

சின்னவன் நம்பாத பார்வை பார்த்தான். நீங்களும் நம்ப மாட்டீர்கள். ஆனால் இத்தனை வாரமாக இவனை உங்கள் முன்னால் உரித்துக் காட்டுகிறவன் நான் சொல்கிறேன்: அந்த நேரத்தில் அவன் உண்மையாகவே சொன்னான். படியிறங்கும்போது அவன் கால் தரையில் பாவவில்லை. பலமுறை முழங்காலிட்டும் கிடைக்காத லேசு அந்தப் படிகளில் அவனுக்குக் கிடைத்தது. மனந்திரும்புவது என்றால் இதுதானா, இவ்வளவுதானா என்றுகூட நினைத்தான்.

*

மனைவி அடுப்படியில் சாயங்காலத்துக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பேசிட்டீங்களா?"

"பேசிட்டேன். போனை எடு. மேனேஜருக்குப் பண்ணணும்."

"அவரே பண்ணினார்."

"எப்போ?"

"நீங்க மேல இருந்தப்பத்தான். நாளைக்கு அவர் வெளியூர் போறாராம். இன்னைக்கே பேர் வேணும்னார்."

பெரியவன் கதவு நிலையில் நின்றான். "கூப்பிட்டிருக்கலாமே என்னை?"

"நீங்க அங்க அழுதுட்டு இருப்பீங்க, எதுக்குக் கூப்பிடணும். குளிக்கிறார், பேரை என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனார்னு சொன்னேன். பசைக்காரர்னு சொல்லிட்டேன்."

கத்தி பலகையில் தாளம் தப்பாமல் விழுந்துகொண்டிருந்தது.

"என்ன சொன்னே?"

"பசைக்காரர்னு. 'நானும் அவரைத்தான் நினைச்சேன்'னு சொன்னார் மேனேஜர். உங்களுக்கு ரொம்பத் தெளிவான மூளைன்னு புகழ்ந்தார்."

"அவர் வீட்டுல அந்தம்மா எழுந்திரிக்க முடியாமக் கிடக்குது."

"தெரியும். பின் அடிக்கிற பொண்ணுக்குக் கைக்குழந்தை. நமக்கு வளர்ற பொண்ணு. யார் வீட்டுல இல்லை? யாராவது ஒருத்தர் பேரைச் சொல்லித்தானே ஆகணும்?"

"என் பேரைச் சொல்லப் போறேன்" என்றான்.

அவள் கத்தியை நிறுத்தினாள்.

"தம்பிகிட்ட போய் அழுதியாமே" என்றான் அவன். "மன்னிப்பு வாங்கினியாமே. அப்படி அழுதவளுக்கு இதைச் செய்ய எப்படி மனசு வந்தது?"

"சொல்லிட்டாரா." அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான். "ஆமா, அழுதேன். பொய்யா அழலை, நிஜமாத்தான் அழுதேன். கேட்டேன், அவரும் மன்னிச்சார். பசைக்காரர் உங்க தம்பியை விட நல்ல மனுஷன். கொஞ்ச நாள் போகட்டும். ரெண்டு பேருமாப் போய்க் கேட்டுக்கலாம்."

இவ்வளவு நேரம் அவன் உள்ளுக்குள் சுமந்துகொண்டிருந்த கணக்கும் இதேதான். அவள் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

அவன் சார்ஜிலிருந்து போனைப் பிடுங்கினான். மேனேஜர் பேர்தான் மேலே இருந்தது. ஒரு தொடு தொட்டால் போதும்.

"பண்ணுங்க" என்றாள் மனைவி. குரலை உயர்த்தவில்லை. "நான் கையைப் பிடிக்கலை. மேல ஒருத்தர், கீழ ஒருத்தர், அண்ணனும் தம்பியும் வேலையில்லாம உட்கார்ந்து நாள் முழுக்க ஜெபம் பண்ணுங்க. நானும் எங்கேயாவது போய், யாரோ ஒரு அம்மாவுக்குப் படுக்கை மாத்திப் போட்டுட்டு, ஞாயித்துக்கிழமை மத்தியானம் உங்களுக்குப் போன் பண்றேன்."

கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது. அழுத்திவிடலாம். 'சார், அது தப்பு, அந்தப் பேர் இல்லை, என் பேர்.' அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. திரை இருண்டது. மறுபடி வெளிச்சமாக்கினான். பசைக்காரருக்கு எப்படியும் வயதாகிவிட்டது என்று எங்கிருந்தோ ஒரு நினைப்பு வந்தது. அவர் பிள்ளை ஒருவன் எங்கேயோ சம்பாதிக்கிறான் என்று யாரோ சொன்னதும் ஞாபகம் வந்தது. திரை மறுபடி இருண்டது. இந்த முறை அவன் வெளிச்சமாக்கவில்லை.

படியில் காலடிச் சத்தம் கேட்டது.

சின்னவன் சமையலறை வாசலில் வந்து நின்றான். அண்ணன் கையில் போன் இருப்பதைப் பார்த்தான். அண்ணி முதுகைக் காட்டி அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள்.

"பேசினியா அண்ணா?"

பெரியவன் தலையை அசைத்தான்.

"உன் பேரையா சொன்னே?"

அண்ணி திரும்பவில்லை. அவள் தோள் மட்டும் அசையாமல் நின்றது.

"ஆமா" என்றான் பெரியவன். "என் பேரைத்தான் சொன்னேன்."

சின்னவன் அப்படியே நின்றான். அவன் முகம் கோணியது. சிறுவயதில் அடிபட்டு வந்து, அம்மாவைக் கண்டதும் இப்படித்தான் கோணும். இரண்டே எட்டில் வந்து அண்ணனைக் கட்டிக்கொண்டான். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவன் அண்ணனைத் தொட்டதே இல்லை.

"மன்னிச்சிட்டேன் அண்ணா" என்றான், தோளில் முகத்தை வைத்துக்கொண்டு. "அண்ணிகிட்ட சொன்ன மாதிரி வாய்க்குச் சொல்லலை. நிஜமாவே மன்னிச்சிட்டேன். நான் உனக்குச் செஞ்சதும் கொஞ்சமில்ல. நீயும் என்னை மன்னிக்கணும். மன்னிச்சிட்டேன்னு சொல்லு."

பெரியவன் அவன் முதுகைத் தடவினான். எலும்பு கையில் தட்டியது. இத்தனை மாதமாக ஏங்கிக் கிடந்தது கைக்கு வந்துவிட்டது. வாங்கிக்கொள்ள முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை.

"சொல்லு அண்ணா."

"மன்னிச்சிட்டேன்டா."

சின்னவன் விலகி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

"ஒண்ணும் பயப்படாதே. ரெண்டு பேருமாச் சேர்ந்து ஏதாவது பண்ணிக்கலாம். நாளைக்குக் காலையில நானும் உன்கூட கம்பெனிக்கு வர்றேன். நான் வெளியே வந்த அன்னைக்குக் கூட ஒருத்தரும் இல்ல, சாமானைத் தூக்கிட்டுத் தனியா நடந்து வந்தேன். நீ அப்படித் தனியா வரக்கூடாது. கேட்டுக்கு வெளியே நான் நிக்கிறேன்."

"சரி" என்றான் பெரியவன்.